ஞாபகசக்தி உள்ள சீட்டுக்கட்டு: பிளாக்ஜாக் வளர்ந்த கதை

ரூலெட் சக்கரத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. ஐந்து முறை தொடர்ந்து சிவப்பு விழுந்தாலும் ஆறாவது சுற்றில் கறுப்பு விழும் வாய்ப்பு கூடிவிடாது, குறைந்தும் விடாது. தாயக்கட்டையும் அப்படித்தான். பிளாக்ஜாக் மட்டும் கொஞ்சம் விவகாரமான ஆட்டம். போட்ட சீட்டு, மறுபடி கலைக்கும்வரை கட்டுக்குத் திரும்பாது. ஒரே கட்டில் ஆடும்போது நான்கு ஏஸும் வெளியே வந்துவிட்டால் அப்புறம் எந்தச் சாமியை வேண்டினாலும் ஐந்தாவது ஏஸ் வராது. நடந்து முடிந்தது, நடக்கப்போவதை மாற்றுகிறது. இந்த ஒரு குணத்தை வைத்துக்கொண்டுதான் கணிதக்காரர்களும் கேசினோக்காரர்களும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆட்டம் எளிது. கையில் உள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகை 21ஐத் தாண்டாமல் டீலரைவிட, அதாவது சீட்டுப் போடுபவரைவிட, அதிகமாக இருக்க வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கி எல்லாமே 10. ஏஸை 1 என்றும் வைத்துக்கொள்ளலாம், 11 என்றும் வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் ஒரு பத்தும் வந்துவிட்டால் அதுதான் பிளாக்ஜாக். போட்ட பணத்துக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கும். டீலரின் இரண்டு சீட்டில் ஒன்று திறந்திருக்கும், மற்றது மூடியிருக்கும்.

இந்த ஏஸ் கணக்கு பழையது. ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டஸ் 1613இல் வெளியிட்ட கதைத் தொகுப்பு ஒன்றில், செவில் நகரத்துக்குப் போகிற வழியில் இரண்டு பொடியன்கள் சத்திரத்தில் சந்தித்துக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவனிடம் அழுக்கேறிய சீட்டுக்கட்டு. இருபத்தொன்று ஆட்டத்தில் ஏஸ் எப்படி ஒன்றாகவும் பதினொன்றாகவும் உதவும் என்று அவன் பெருமையடித்துக்கொள்கிறான்; இருவருமாகச் சேர்ந்து ஒரு கழுதைக்காரனின் காசைக் கறந்தும் விடுகிறார்கள். ஆட்டத்தைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றே ஏமாற்றுக் கதையாக இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் அது பிரான்ஸில் பிரபலமாகி, கடல் கடந்து அமெரிக்கா போனது. 1931இல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியதும் கேசினோ மேசையில் நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது.

கேசினோவுக்குள் போனபோது நடந்த ஒரு மாற்றம்தான் பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் வழிவிட்டது. வீட்டில் நண்பர்கள் ஆடும்போது டீலரும் ஓர் ஆட்டக்காரர்தான். இன்னொரு சீட்டு எடுக்கலாமா, நிறுத்தலாமா என்று அவர் எதிராளியின் முகத்தைப் பார்த்து முடிவெடுப்பார். கேசினோ டீலருக்கு அந்த உரிமை இல்லை. கையில் 16 அல்லது அதற்குக் குறைவு என்றால் எடுத்தே ஆக வேண்டும். 17 வந்தால் நிறுத்தியே ஆக வேண்டும். அதாவது டீலர் ஒரு யந்திரம் ஆகிவிட்டார். மனிதர் என்ன செய்வார் என்று கணக்குப் போட முடியாது. யந்திரம் என்றால் முடியும்.

முடியும் என்று காட்டியவர்கள் அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர். ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கேன்டி, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மெக்டெர்மாட். மேரிலாண்டில் உள்ள அபெர்டீன் ராணுவத் தளத்தில் இருந்துகொண்டு, மேசைக் கணக்கு யந்திரங்களைத் தட்டித் தட்டியே, ஒவ்வொரு கைக்கும் டீலரின் ஒவ்வொரு திறந்த சீட்டுக்கும் எது உகந்த முடிவு என்று கண்டுபிடித்தார்கள். 1956இல் அமெரிக்கப் புள்ளியியல் கழகத்தின் ஆய்விதழில் அது வெளியானது.

கேசினோவுக்கு இந்த ஆட்டத்தில் லாபம் எங்கிருந்து வருகிறது? ஒரே ஓர் இடத்திலிருந்துதான்: ஆடுபவர் முதலில் ஆட வேண்டும். அவர் 21ஐத் தாண்டிவிட்டால் காசு அப்போதே போய்விடும். பின்னால் டீலரும் தாண்டினால்கூட திரும்பாது. டீலர் 100 கைகளில் ஏறத்தாழ 28 கைகளில் தாண்டிவிடுவார். நாமும் டீலரைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு 17 வரை எடுத்தால் நாமும் 28 முறை தாண்டுவோம். இருவருமே தாண்டுவது 100க்கு 8 முறை. அந்த எட்டும் கேசினோவுக்கு. பிளாக்ஜாக்குக்கு அவர்கள் தரும் கூடுதல் அரை மடங்கில் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் நமக்குத் திரும்பி வரும். மிச்சம் ஐந்தரை சதவீதம் போல கேசினோவின் சாதகம்.

நால்வரும் செய்தது, இந்த ஐந்தரையைக் கரைத்ததுதான். நம் கையில் 12, டீலரின் திறந்த சீட்டு 6 என்று வைத்துக்கொள்வோம். 12 ரொம்பக் குறைவு, இன்னொன்று எடு என்றுதான் மனசு சொல்லும். ஆனால் 6 காட்டும் டீலர் 21ஐத் தாண்டும் வாய்ப்பு ஏறத்தாழ 42 சதவீதம். சும்மா இருப்பதே மேல். கையில் 16, டீலரிடம் 10 என்றால் எதைச் செய்தாலும் உதைதான்: எடுத்தால் 13க்கு 8 வாய்ப்பில் தாண்டிவிடுவோம், எடுக்காவிட்டால் டீலர் தாண்டுவார் என்று காத்திருக்க வேண்டும், அதற்கோ நாலில் ஒரு பங்குகூடத் தேறாது. இரண்டு நட்டத்தையும் தராசில் வைத்தால் முள் அசைவதே தெரியாது. மயிரிழையில் எடுப்பது மேல். இப்படி எல்லாக் கைகளுக்கும் போட்டுப் பார்த்து, 100 டாலர் பந்தயத்துக்குச் சராசரி நட்டம் 62 சென்ட் என்ற இடத்துக்கு வந்து நின்றார்கள். கேசினோவில் இவ்வளவு மலிவான ஆட்டம் அபூர்வம்.

எட்வர்ட் தார்ப் என்ற இளம் கணிதக்காரர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, கையில் 10 டாலருடன் லாஸ் வேகாஸ் மேசையில் போய் உட்கார்ந்தார். எட்டரை டாலரைத் தொலைத்துவிட்டு எழுந்தார். ஆனால் ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. நால்வரின் கணக்கு எப்போதும் முழுக் கட்டை வைத்துப் போட்டது. ஆட்டமோ பாதிக் கட்டிலும் கால் கட்டிலும் நடக்கிறது. போன சீட்டுகளைக் கணக்கில் எடுத்தால் என்ன? பால்ட்வினுக்குக் கடிதம் எழுதி அவர்களது கணக்கு நோட்டுகளை வாங்கினார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியில் வேலைக்குப் போனதும் அங்கே ஐபிஎம் 704 கணினி கிடைத்தது. ஒவ்வொரு மதிப்பிலும் நான்கு சீட்டுகளையும் எடுத்துவிட்டு, மீதிக் கட்டில் யாருக்குச் சாதகம் என்று கணினியைக் கேட்டார்.

நான்கு ஏஸும் இல்லாவிட்டால் ஆடுபவருக்கு இரண்டு சதவீதத்துக்கும் மேல் நட்டம். இதை யாரும் ஊகிக்கலாம். திகைக்க வைத்தது ஐந்துதான். நான்கு ஐந்துகளையும் எடுத்துவிட்டால் ஆடுபவருக்கு மூன்று சதவீதத்துக்கும் மேல் சாதகம்! பார்க்கச் சாதாரணச் சீட்டு. ஆனால் டீலருக்கு ஆபத்தான கைகள் 12 முதல் 16 வரை; கட்டாயம் எடுத்தாக வேண்டிய, எடுத்தால் தாண்டிவிடக்கூடிய கைகள். அவற்றோடு ஐந்தைக் கூட்டிப் பாருங்கள்: 17, 18, 19, 20, 21. ஒன்றுவிடாமல் எல்லாக் கையையும் ஐந்து காப்பாற்றுகிறது. வேறு எந்தச் சீட்டும் டீலருக்கு இப்படி விசுவாசமாக உழைப்பதில்லை.

தார்ப்பின் கட்டுரை 1961இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது. அங்கே சேர்க்க ஓர் உறுப்பினரின் கைப்பட வேண்டும். கைகொடுத்தவர் தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானன். அதே ஆண்டு இரண்டு பணக்காரச் சூதாடிகள் முதல் போட, தார்ப் நெவாடா போய், 10,000 டாலரை 21,000 ஆக்கிக்கொண்டு திரும்பினார்.

போன சீட்டுகளை எண்ணும் முறையைச் சாதாரண மனிதர் தலைக்குள் கொண்டுவந்தவர் ஹார்வி டப்னர். 1963இல் அவர் முன்வைத்த முறைதான் சிறு மாற்றங்களோடு இன்றும் ஓடுகிறது. 2 முதல் 6 வரை எந்தச் சீட்டு போனாலும் ஒன்று கூட்டு. பத்துகளும் ஏஸும் போனால் ஒன்று கழி. 7, 8, 9 வந்தால் சும்மா இரு. மேசையில் 5, ராஜா, 3, 8, 6, ஏஸ், 2 என்று வந்தால் கணக்கு கூட்டல் 2. கூட்டலில் இருந்தால் கட்டில் பெரிய சீட்டு மிச்சம் அதிகம். எல்லாச் சீட்டையும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. தேவையே இல்லை, ஓர் எண் போதும். பல கட்டுகளைச் சேர்த்து ஆடினால் அந்த எண்ணை மிச்சமுள்ள கட்டுகளால் வகுக்க வேண்டும்: கூட்டல் 8, மிச்சம் 4 கட்டு என்றால் மதிப்பு 2. இந்த மதிப்பு ஒன்று ஏறினால் ஆடுபவர் பக்கம் அரை சதவீதம் போலச் சாயும்.

பெரிய சீட்டு மிச்சமிருப்பது டீலருக்கும் நல்லதுதானே என்று கேட்கலாம். பிளாக்ஜாக் இருவருக்கும் ஒரே அளவில்தான் வரும், உண்மை. ஆனால் நமக்கு வந்தால் ஒன்றரை மடங்கு. டீலருக்கு வந்தால் நம் பந்தயம் மட்டும்தான் போகும். 16இல் நாம் நிறுத்திக்கொள்ளலாம்; டீலர் பத்துகள் குவிந்த கட்டிலிருந்து எடுத்தே ஆக வேண்டும்.

கட்டின் ஞாபகம் எவ்வளவு நுண்மையானது என்பதற்கு இன்ஷூரன்ஸ் பந்தயத்தைப் பார்க்கலாம். டீலர் ஏஸ் காட்டினால், மூடிய சீட்டு பத்தாக இருக்கும் என்று தனியாகப் பணம் கட்டலாம். ஜெயித்தால் இரண்டு மடங்கு. கட்டுப்படியாக வேண்டுமானால் மூன்றில் ஒரு சீட்டாவது பத்தாக இருக்க வேண்டும். புதிய கட்டில் அந்த ஏஸ் போக மிச்சம் 51, அதில் பத்துகள் 16. நட்டம். நம் கையில் இருக்கும் இரண்டு சீட்டும் பத்து இல்லையென்றால் 49க்கு 16. இன்னும் நட்டம்தான். பக்கத்தில் இருப்பவரிடம் பத்து அல்லாத ஒரே ஒரு சீட்டைப் பார்த்துவிட்டால் 48க்கு 16, சரியாக மூன்றில் ஒன்று. அதற்கு மேல் இன்னொன்று தெரிந்தால் சாதகம் நம் பக்கம்.

இதைப் படித்துவிட்டு யாரும் விமானம் ஏற வேண்டாம். நன்றாக எண்ணத் தெரிந்தவருக்கும் கிடைப்பது ஒரு சதவீதம் போல. ஒரு கையின் ஏற்ற இறக்கமோ பந்தயத்தைவிடப் பெரிது. பந்தயம் மாறாமல் 100 கை ஆடினால் எதிர்பார்க்கும் லாபம் ஒரு பந்தயம். அதைச் சுற்றி மேலும் கீழும் பதினொரு பந்தயம் ஆடும். 10,000 கை ஆடினால் லாபம் 100, ஏற்ற இறக்கம் 115. மாதக்கணக்கில் சரியாக எண்ணியும் தோற்றவராக எழுந்து போகலாம்.

கேசினோக்காரர்கள் பயந்தது வேறு கதை. 1964 ஏப்ரல் முதல் தேதி லாஸ் வேகாஸ் விடுதிகள் விதிகளை இறுக்கின. பந்தயத்தை இரட்டிப்பாக்குவதைக் கட்டுப்படுத்தின; ஏஸ் சோடியைப் பிரித்து ஆடத் தடை போட்டன. எண்ணத் தெரியாத கூட்டமும் சேர்ந்து மேசையை விட்டு எழுந்ததால் சில வாரங்களிலேயே பழைய விதி திரும்பியது. அப்புறம்தான் அவர்கள் ஞாபகத்தின் மேலேயே கைவைத்தார்கள். ஒரு கட்டு நான்காகி, ஆறாகி, எட்டாகியது. எட்டுக் கட்டுகளில் நான்கு ஐந்துகள் போவது ஒரு பொருட்டே இல்லை. கடைசி ஒன்றிரண்டு கட்டுகளை ஆடாமலே கலைத்தார்கள். எண்ணுபவரை அடையாளம் கண்டு வெளியே அனுப்பினார்கள். பந்தயத்தைத் திடீரென்று ஏற்றுவதுதான் காட்டிக்கொடுக்கிறது என்று புரிந்துகொண்ட ஆல் ஃபிரான்செஸ்கோ, சிறு பந்தயம் கட்டி எண்ணுபவர்கள் ஒரு பக்கம், சைகை கிடைத்ததும் பெரும் பணத்தோடு வந்து அமரும் 'பணக்காரர்' ஒரு பக்கம் என்று குழுவாகப் பிரித்தார். அந்தக் குழுவில் தேறிய கென் அஸ்டன், அட்லாண்டிக் சிட்டியில் தன்னை வெளியேற்றிய கேசினோவை நீதிமன்றத்துக்கு இழுத்தார். 1982இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம், எண்ணுகிறார் என்பதற்காகக் கேசினோ தானாகவே ஒருவரை விலக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. தலைக்குள் கணக்குப் போடுவது ஏமாற்று அல்லவே.

இந்த நூற்றாண்டில் வந்த தந்திரம் இன்னும் எளிமையானது, என் பார்வையில் பச்சைக் கொள்ளை. பிளாக்ஜாக்குக்கு 3க்கு 2 என்று கொடுத்ததை 6க்கு 5 ஆக்கினார்கள். 10 டாலருக்கு 15 வந்த இடத்தில் 12. பிளாக்ஜாக் 21 கைக்கு ஒரு முறைதான் வரும் என்பதால் யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆனால் கேசினோவின் சாதகம் இதனால் மட்டும் ஏறத்தாழ 1.4 சதவீதம் ஏறுகிறது. எண்ணுபவர் உழைத்துச் சம்பாதிக்கும் மொத்தத்தையும் விட அதிகம்.

இன்னொரு ஆயுதம் கலைக்கும் யந்திரம். கையால் கலைப்பதில் ஞாபகம் முழுதாக அழிவதில்லை. கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று செருகுவதை ஏழு தடவை செய்தால்தான் 52 சீட்டும் ஓரளவு நன்றாகக் கலையும் என்று 1992இல் டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் நிறுவினார்கள். டயகோனிஸ் முன்பு தொழில்முறை மந்திரவித்தைக்காரர். சீட்டு அவருக்குக் கைவந்த பொருள். அதனால் ஒரு யந்திர நிறுவனம் தன் புதிய கருவியைச் சோதிக்க அவரையே கூப்பிட்டது. கருவிக்குள் பத்து அடுக்குகள். ஒவ்வொரு சீட்டும் ஏதோ ஓர் அடுக்குக்குப் போய், அங்கிருக்கும் குவியலின் மேலோ கீழோ சேரும். பார்த்தால் நன்றாகத்தான் கலைகிறது. ஆனால் மேலே சேரும் சீட்டுகள் ஒரு வரிசையிலும் கீழே சேரும் சீட்டுகள் எதிர் வரிசையிலும் அடுக்கப்படுகின்றன என்பதை டயகோனிஸ், ஜேசன் ஃபுல்மன், சூசன் ஹோம்ஸ் மூவரும் கவனித்தார்கள். அந்த ஏறுவரிசை, இறங்குவரிசையைப் பிடித்துக்கொண்டு அடுத்த சீட்டை ஊகித்தால், 52இல் சராசரியாக ஒன்பதரை சீட்டு சரியாக வருகிறது. ஒழுங்காகக் கலைத்த கட்டில், போன சீட்டையெல்லாம் நினைவில் வைத்திருந்தாலும் நாலரைதான் வரும்.

யந்திரத்தில் இரண்டு முறை ஓட்டினால் போதும் என்று வழியும் சொன்னார்கள். பத்து அடுக்கு யந்திரத்தில் இரண்டு முறை என்பது 200 அடுக்கு யந்திரத்தில் ஒரு முறை ஓட்டுவதற்குச் சமம். நேரம்தான் இரட்டிப்பாகும்.