பிறவிக் குற்றவாளி: தத்துப்பிள்ளைகள் காட்டும் கணக்கு

திருடனின் மகன் திருடனானால் அதில் பிறப்பின் பங்கு எவ்வளவு, வளர்ப்பின் பங்கு எவ்வளவு என்று அந்தக் குடும்பத்தை மட்டும் பார்த்துச் சொல்ல வழியில்லை. மரபணுவைக் கொடுத்தவரும் சோறு போட்டவரும் பெல்ட்டால் அடித்தவரும் ஒரே ஆள். பிரித்துப் பார்க்க வேண்டுமானால் பெற்றவர் ஒருவர், வளர்த்தவர் வேறொருவர் என்று அமைந்த பிள்ளைகள் வேண்டும். நாலைந்து பேர் போதாது, ஆயிரக்கணக்கில் வேண்டும்.

டென்மார்க்கின் பதிவேடுகளில் அது கிடைத்தது. 1924 முதல் 1947 வரை உறவினர் அல்லாதவர்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட 14,427 பேர். பிள்ளை, பெற்றவர், வளர்த்தவர் ஆகிய மூன்று தரப்பின் நீதிமன்றத் தண்டனைப் பதிவுகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்து, உளவியலாளர் சர்னாஃப் மெட்னிக்கின் குழு 1984இல் முடிவை வெளியிட்டது. ஆண் பிள்ளைகளின் கணக்கு இது: இரு பெற்றோர் தரப்பிலும் தண்டனை இல்லையென்றால், தண்டனை பெற்ற மகன்கள் 13.5 சதவீதம். வளர்த்தவர் மட்டும் தண்டனை பெற்றிருந்தால் 14.7. பெற்றவர் மட்டும் என்றால் 20. இருவருமே என்றால் 24.5.

பிறப்பு ஜெயித்துவிட்டது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். பெற்றவர் தண்டனை பெற்றிருந்தும் நூற்றில் எண்பது மகன்கள் எந்த வழக்கிலும் தண்டனை பெறவில்லை. இன்னொன்று, பெற்றவரோடு இருந்த இந்தத் தொடர்பு திருட்டு போன்ற சொத்துக் குற்றங்களில்தான் தெரிந்தது. அடிதடி, கொலை போன்ற வன்முறைக் குற்றங்களில் தெளிவாகத் தெரியவில்லை. ‘கொலைகார ரத்தம்’ என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் ஆதாரம் கிடையாது.

இந்த முறையிலும் ஓட்டைகள் இருக்கின்றன. தத்து எடுக்க வருபவர்களை அதிகாரிகள் விசாரித்துத்தான் குழந்தையைக் கொடுப்பார்கள். ஆகவே படுமோசமான வீடுகள் இந்தப் பட்டியலுக்குள் அதிகம் வந்திருக்க வழியில்லை. வளர்ப்புச் சூழல்கள் எல்லாம் ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்தால், மிஞ்சும் வித்தியாசம் பிறப்பின் கணக்கில்தான் விழும். கருவில் இருந்தபோது தாய் குடித்த மதுவும் பட்ட பட்டினியும்கூட இங்கே ‘பிறப்பு’ என்றே எண்ணப்படுகின்றன.

இரட்டையர், தத்துப்பிள்ளை ஆய்வுகள் 51ஐச் சேர்த்து 2002இல் ஒரு கூட்டுக்கணக்குப் போட்டார்கள். சமூக விரோத நடத்தையில் மரபுவழிப் பங்கு சுமார் 41 சதவீதம் என்று வந்தது. செய்திகளில் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் எண் இதுதான். ஒருவன் செய்த திருட்டில் 41 பங்கு மரபணுவுடையது, மீதி சமூகத்துடையது என்று இதற்குப் பொருளில்லை. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில், மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து நகரும் பகுதி எவ்வளவு என்பதை மட்டுமே அது சொல்கிறது. தனி ஆளுக்கு அதைப் பொருத்தவே முடியாது. கூட்டம் மாறினால் எண்ணும் மாறும். எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி வீடு, பள்ளி, தெரு கிடைத்துவிட்டால் சூழலால் வரும் வேறுபாடு மறைந்து, மரபுவழிப் பங்கு மேலே ஏறும். சமூகம் நியாயமாக ஆக ஆக ‘பிறவிக் குணம்’ பெரிதாகத் தெரியும் என்பது இந்த அளவுகோலின் விசித்திரம்.

சரி, குறிப்பிட்ட மரபணு ஏதாவது உண்டா? அதிகம் பேசப்பட்டது எம்ஏஓஏ. மூளையில் செரோடோனின், டோபமின் போன்றவற்றைச் சிதைக்கும் நொதியை உருவாக்கும் மரபணு இது. எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களுக்கு ஒரே ஒரு பிரதிதான். 1993இல் ஒரு டச்சுக் குடும்பத்தில் இந்த நொதி அறவே சுரக்காத ஆண்கள் சிலர் கண்டறியப்பட்டார்கள். அவர்களிடம் கட்டுக்கடங்காத மூர்க்கம் இருந்தது. ஆனால் அது மிக அரிதான பழுது. நொதி குறைவாகச் சுரக்கும் சாதாரண வகை வேறு. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் மூன்றில் ஒருவரிடம் அது இருக்கிறது. அதுவே குற்ற மரபணு என்றால் அங்கே மூன்றில் ஒருவர் சிறையில் இருந்தாக வேண்டும்.

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவந்த ஆய்வு, 2002இல் 442 ஆண்களின் தரவை எடுத்தது. 3 முதல் 11 வயதுக்குள் கொடுமைக்கு ஆளானார்களா என்பது ஏற்கெனவே பதிவாகியிருந்தது. குறைந்த நொதியும் குழந்தைப்பருவக் கொடுமையும் சேர்ந்து அமைந்தவர்கள் 12 சதவீதம் பேர். வன்முறைக் குற்றங்களுக்கான தண்டனைகளில் 44 சதவீதம் அவர்கள் பெயரில் இருந்தது. அதே குறைந்த நொதியோடு, கொடுமையில்லாமல் வளர்ந்தவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. ஒரு எச்சரிக்கை: 442இல் 12 சதவீதம் என்பது ஐம்பது பேரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஒற்றை மரபணுவைப் பிடித்துக்கொண்டு செய்த இதுபோன்ற ஆய்வுகள் பல, மறுபரிசோதனையில் கவிழ்ந்தன. இது ஆண்களிடம் ஓரளவு தாக்குப்பிடித்திருக்கிறது. 27 ஆய்வுகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டுக் கணக்கிலும் போக்கு அதே திசையில்தான்.

இதையெல்லாம்விட ஆழமான சிக்கல் அளவுகோலிலேயே இருக்கிறது. இந்த ஆய்வுகளில் பல ‘தண்டனைப் பதிவை’ எண்ணுகின்றன. எது குற்றம், யாரைப் பிடிப்பது என்பதை முடிவுசெய்வது அரசு. பிரிட்டிஷ் இந்தியாவில் 1871இல் வந்து, 1911 முதல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் இதற்குக் கச்சிதமான சான்று. சில சாதிகளில் பிறந்தவர்களைப் பிறப்பைக் காட்டியே பதிவு செய்து கைரேகை எடுத்தார்கள். இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். ஆஜராகாவிட்டாலோ சீட்டில்லாமல் போனாலோ தண்டனை. அந்தத் தண்டனையும் குற்றப் பதிவில் ஏறும். அந்தச் சாதியில் குற்றம் அதிகம் என்று காட்ட அதே பதிவேட்டை எடுத்து நீட்டலாம். இத்தகைய பதிவேட்டை வைத்துத் தத்துப்பிள்ளை ஆய்வு செய்திருந்தால் ‘ரத்தத்தில் ஊறிய குற்றம்’ அப்பட்டமாகத் தெரிந்திருக்கும்.

மரபணுவை மாற்றாமல் வீட்டு நிலையை மட்டும் மாற்றிப் பார்த்தால் என்ன நடக்கும்? வேண்டுமென்றே யாரும் செய்ய முடியாத இந்தச் சோதனை அமெரிக்காவின் வட கரோலினாவில் தற்செயலாக நடந்தது. அங்கே 1993இலிருந்து 1,420 சிறுவர் சிறுமியரின் மனநலத்தை ஆண்டுதோறும் நேர்காணல் வழியாக ஆய்வாளர் ஜேன் காஸ்டெல்லோவின் குழு பதிவுசெய்து வந்தது. நான்கில் ஒரு பங்கு பழங்குடிக் குழந்தைகள். 1996இல் கிழக்குச் செரோக்கி பழங்குடியினர் தங்கள் நிலத்தில் சூதாட்ட விடுதி திறந்தார்கள். லாபத்தில் ஒரு பங்கு, ஏழையா பணக்காரரா என்று பாராமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா உறுப்பினருக்கும் போனது. உழைத்தோ தகுதி காட்டியோ பெற்ற பணமில்லை என்பதுதான் இதில் முக்கியம்: திறமைசாலிக் குடும்பங்கள்தான் மேலே வந்தன என்று சொல்லித் தள்ள முடியாது.

பழங்குடிக் குடும்பங்களில் 14 சதவீதம் வறுமைக் கோட்டைத் தாண்டின. விடுதி திறக்கும் முன் அந்த வீட்டுப் பிள்ளைகளின் கோளாறுகள், ஏழையாகவே நீடித்த வீட்டுப் பிள்ளைகள் அளவுக்கு இருந்தன. பிறகு, ஒருபோதும் ஏழையாக இராத பிள்ளைகளின் அளவுக்கு இறங்கின. இறங்கியது சண்டை, திருட்டு, அடங்காமை போன்ற நடத்தைக் கோளாறுகள் மட்டுமே. பதற்றமும் மனச்சோர்வும் அப்படியே இருந்தன. காரணத்தைத் துருவியபோது, பிள்ளை எங்கே போகிறான், யாரோடு சுற்றுகிறான் என்று கவனிக்கப் பெற்றோருக்கு நேரம் கிடைத்தது முன்னால் வந்து நின்றது. பின்னர் வந்த ஒரு பொருளியல் ஆய்வின்படி, ஏழைக் குடும்பங்களில் ஆண்டுக்கு 4,000 டாலர் கூடியபோது, 16-17 வயதில் சிறு குற்றங்களில் சிக்கும் வாய்ப்பு 22 சதவீதம் குறைந்தது. பிள்ளைகள் வளர்ந்தபிறகு மறுபடி பார்த்தார்கள். விடுதி திறந்தபோது 12 வயதாக இருந்தவர்களிடம் போதைப் பழக்கம் குறைந்திருந்தது. 16 வயதாக இருந்தவர்கள், அந்தப் பணத்தோடு பெற்றோர் வீட்டில் குறைந்த காலமே வாழ்ந்தவர்கள், அந்தப் பலனைப் பெறவில்லை.