பழைய இன்ஜினுக்கு கெட்டி ஆயில் ஊத்தினா மட்டும் போதுமா?

அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ வச்சிருக்கறவங்க எந்த ஒர்க்‌ஷாப்புல கேட்டாலும் "கெட்டி ஆயிலா ஊத்துங்க சார்"னுதான் பதில் வரும். பாதி சரிதான். மீதி பாதிய டப்பா முன்பக்கம் பெருசா போட்டிருக்கற நம்பர் சொல்லாது.

முதல்ல அந்த நம்பரையே பாத்துடுவோம். 20டபிள்யூ-50ல டபிள்யூன்னா விண்டர். முன்னாடி இருக்கற 20, மைனஸ் 15 டிகிரி குளிர்ல ஆயில் கிராங்க்க, அதாவது இன்ஜினோட முக்கிய தண்ட, சுத்த விடுதான்னு டெஸ்ட் பண்ணி குடுக்கறது, சென்னை மதுரைக்கெல்லாம் அதப்பத்தி பெருசா கவலைப்பட வேணாம், ஊட்டில கூட சமாளிச்சிடும். நமக்கு முக்கியம் பின்னாடி இருக்கற 50தான். ஆயில் 100 டிகிரி சூட்டுல எவ்ளோ கெட்டியா நிக்குதுன்னு அது சொல்லும். கெட்டித்தனத்த அளக்கற யூனிட் சென்டிஸ்டோக்ஸ், அதுல 30 கிரேடுன்னா 9.3லருந்து 12.5, 50 கிரேடுன்னா 16.3லருந்து 21.9. சூட்டுல எல்லா ஆயிலும் இளகத்தான் செய்யும், அது ரொம்ப இளகாம இருக்க உள்ள ஒரு பாலிமர் கலக்கறாங்க, குளிர்ல சுருண்டு கிடக்கும், சூடானா விரிஞ்சு ஆயில் ஓடறத தடுக்கும். ஓட ஓட இந்த பாலிமர் அறுந்துபோகும். ஊத்தும்போது 50ஆ இருந்தது கொஞ்ச மாசத்துல 40 மாதிரி நடந்துக்கறது இதனாலதான்.

சரி, கெட்டியா ஏன் வேணும்? 1883ல இங்கிலாந்துல பீசாம்ப் டவர்னு ஒரு இன்ஜினியர் ரயில் அச்சு பேரிங்க, அதாவது அச்சு சுத்தறப்ப அதத் தாங்கற பாகத்த, டெஸ்ட் பண்ணிட்டு இருந்தாரு. பேரிங் மேல இருந்த ஆயில் ஓட்டை வழியா ஆயில் வெளிய வந்துட்டே இருந்துச்சு, கார்க் வச்சு அடைச்சா தள்ளிடுச்சு, மரக்கட்டை வச்சு அடிச்சா அதையும் தள்ளிடுச்சு. சுத்தற தண்டு தானே ஆயில இழுத்து இடுக்குக்குள்ள திணிச்சு அவ்ளோ பிரஷர உண்டாக்குதுன்னு அப்பதான் புரிஞ்சுது, 1886ல ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதுக்கு கணக்கு போட்டு காட்டினாரு. மழைல வேகமா போற டயர் ரோட்டத் தொடாம தண்ணி மேல மிதக்குமே, கிராங்க் பேரிங்ல நடக்கறதும் அதான். வருஷக்கணக்கா தேஞ்ச பேரிங்ல இடைவெளி பெருசாகிடும், ஆயில் பக்கவாட்டுல வழிஞ்சு ஓடிடும், பிரஷர் நிக்காது, ஐடிலிங்ல ஆயில் லைட்டு மினுக் மினுக்னு எரியும். அந்த மாதிரி வண்டிக்கு கெட்டி ஆயில் நெஜமாவே உதவி.

ஆனா ஆயில் பிரஷர் கேஜ்ல முள்ளு மேல ஏறினா ஆயில் நல்லா ஓடுதுன்னு அர்த்தம் இல்ல. கெட்டியா இருந்து ஓட முடியாம நின்னாலும் முள்ளு ஏறத்தான் செய்யும். காலைல ஸ்டார்ட் பண்ணினதும் அடில ஆயில் தேங்கற சேம்பர்லருந்து இன்ஜின் உச்சில, ஹெட்ல வால்வ அமுக்கற கைகள தாங்கற ராக்கர் ஷாஃப்ட் வரைக்கும் ஆயில் ஏறிப் போகணும், கெட்டி ஜாஸ்தியானா அது லேட்டாகும், அதுவரைக்கும் அங்க காய்ஞ்சுதான் ஓடும். பிஸ்டன் ரிங் தேஞ்சு நீலப் புகை தள்ளற வண்டிக்கு கெட்டி மேல கெட்டியா ஊத்தறது வைத்தியம் இல்ல, விக்கறதுக்கு முன்னாடி பண்ற வேலை.

இப்ப அந்த மீதி பாதி. அம்பாசிடரோட 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பத்மினியோட 1089 சிசி இன்ஜின் ரெண்டுமே பிளாக்குக்குள்ள வால்வ திறக்க வைக்கற முனை உள்ள கேம் தண்டு, அதுமேல அது தள்ளற தட்டையான டாப்பெட், அப்புறம் அந்தத் தள்ளல மேல வால்வு பக்கம் கொண்டுபோற கம்பி புஷ்ராட்னு போற டிசைன். கேம் முனை டாப்பெட் அடிய ஒரு மெல்லிசான கோடு அளவுக்குத்தான் தொடும், வால்வு ஸ்பிரிங்கோட மொத்த அழுத்தமும் அந்தக் கோட்டுலதான், அதுவும் உருளாது, தேய்ச்சுக்கிட்டே போகும். பேரிங்ல மாதிரி இங்க ஆயில் மேல மிதக்க வழியில்ல, எவ்ளோ கெட்டியா இருந்தாலும் அந்த இடத்துல பிதுங்கி ஓடிடும். இங்க காப்பாத்தறது ஜிங்க்னு எல்லாரும் சொல்ற ஜிங்க்-பாஸ்பரஸ் கெமிக்கல்தான். உரசற இடத்துல சூடும் அழுத்தமும் சேர்ந்து அத உடைக்கும், உடைஞ்சது இரும்பு மேலயே கண்ணாடி மாதிரி ஒரு படலமா படியும், கனம் மில்லிமீட்டர்ல பத்தாயிரத்துல ஒரு பங்குதான் இருக்கும். இரும்புக்கு பதிலா அந்தப் படலம் தேயும், திரும்ப படியும்.

பிரச்சனை என்னன்னா பாஸ்பரஸ் புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர கெடுக்கும். அதனால 2004ல அமெரிக்காவோட பெட்ரோலிய அமைப்பு ஏபிஐ கொண்டுவந்த எஸ்எம்ங்கற ஆயில் தரத்துலருந்து பாஸ்பரஸ 0.08 சதவீதத்துக்குள்ள வைக்க சொல்லிட்டாங்க. இதுல பல பேர் கவனிக்காத விஷயம், இந்த லிமிட் 5டபிள்யூ-30 மாதிரி மெல்லிசு கிரேடுகளுக்குத்தான், 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50க்கெல்லாம் கிடையாது. அப்ப நம்ம ஊர் மெக்கானிக் சொன்ன கெட்டி ஆயில் பழைய கேம காப்பாத்தினதுக்கு அதோட கெட்டித்தனம் மட்டும் காரணம் இல்ல, அந்த கிரேடுல ஜிங்க் ஜாஸ்தியா போட முடிஞ்சதும் ஒரு காரணம். எல்லா கம்பெனியும் போடறாங்கன்னு சொல்ல முடியாது, டேட்டா ஷீட்ல பாஸ்பரஸ் அளவு இருந்தா பாத்துக்கறது நல்லது. ஜாஸ்தி ஜிங்க் நல்லதுதானேன்னு தனி பாட்டில் வாங்கி மேல மேல ஊத்தாதீங்க, அளவு மீறினா அதுவே இரும்ப அரிக்கும்.

கேம், டாப்பெட் புதுசா மாத்தினா இன்னொரு விஷயம். முதல் ஸ்டார்ட்ல ஐடிலிங்ல விடாம 2000 ஆர்பிஎம் பக்கத்துல ஒரு 20 நிமிஷம் ஓட்டணும். கிராங்க் சுத்தி அடிக்கற ஆயில்தான் இந்த மாதிரி இன்ஜின்ல கேமுக்கு முக்கியமா போய்ச் சேரும், மெதுவா ஓடினா அது பத்தாது.

சரி எத ஊத்தறது? தட்டை டாப்பெட் இருக்கற பழைய பெட்ரோல் அம்பாசிடர், பத்மினிக்கு 20டபிள்யூ-50 மினரல் ஆயில் (கச்சா எண்ணெய்ல சுத்திகரிச்சு எடுக்கற சாதா ஆயில்), அதுல நான் ரெண்டாவது யோசனையே பண்ண மாட்டேன். மாருதி 800ம் இப்ப பழைய வண்டிதான், ஆனா அது மேல கேம் இருக்கற ஜப்பான் டிசைன், பழசாச்சேன்னு கண்ணை மூடிட்டு 50க்கு போகாம மேனுவல்ல இருக்கறத ஊத்துங்க. கெமிக்கலா தயாரிக்கற சிந்தெடிக் ஆயில் ஊத்தினா சீல் எல்லாம் ஒழுகும்னு சொல்றது ஆரம்பகால சிந்தெடிக்குக்கு ஓரளவு உண்மை, இப்ப வர்றதுல சீல் சுருங்காம இருக்க தனியா சேர்க்கறாங்க. இருந்தும் பல வருஷ அழுக்குதான் ஒழுகற இடத்த அடைச்சுட்டு இருக்குன்னா அது கழுவிட்டுப் போனதும் ஒழுகும், அதுக்கு கேஸ்கட் மாத்தணும்.

வாரத்துக்கு ஒருதடவ எடுக்கற வண்டின்னா கிலோமீட்டர பாக்காம வருஷத்துக்கு ஒருதடவ மாத்திடுங்க, கொஞ்ச தூரமே ஓடற இன்ஜின்ல தண்ணியும் பெட்ரோலும் ஆவியாக நேரமில்லாம ஆயில்லயே தங்கிடும். டிப் ஸ்டிக்ல கருப்பா இருக்குன்னு மட்டும் பயப்படாதீங்க, அழுக்க பிடிச்சு வைக்கறது ஆயிலோட வேலை. பயப்பட வேண்டியது லெவல் தானா ஏறி, மோந்து பாத்தா பெட்ரோல் வாடை அடிச்சாத்தான். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் இருக்கற வண்டில டயஃப்ரம் கிழிஞ்சா பெட்ரோல் நேரா சேம்பருக்குள்ள போகும், அப்ப எந்த கிரேடு ஊத்தினாலும் தண்ணியாத்தான் இருக்கும், பம்ப சரி பண்ணிட்டு அப்புறம் ஆயில் வாங்கப் போங்க.