மரபியல் நகர்வு: "நாங்க என்ன தப்பு பண்ணினோம்?"

என்னிடம் மரபியல் ஆலோசனைக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வம்சாவளிப் படம் வரைவேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் உள்ளவருக்கு முழுக்கக் கறுப்பு. நோய் இல்லாமல் பழுதான மரபணுவைச் சுமப்பவருக்கு, அதாவது கேரியருக்கு, பாதிக் கறுப்பு. அண்மையில் வந்த ஒரு தம்பதிக்கு வரைந்து முடித்தபோது, பாட்டன் பாட்டி வரைக்கும் இரண்டு குடும்பத்துக் கோடுகளும் எங்கேயும் சேரவில்லை. சொந்தத்துக்குள் கல்யாணம் இல்லை. ஆனாலும் இருவருமே ஒரே நோய்க்குக் கேரியர்கள். மூத்த குழந்தைக்கு நோய் வந்துவிட்டது. "நாங்க என்ன தப்பு பண்ணினோம்?" என்று அந்தத் தாய் கேட்டார்.

ஒரு தப்பும் இல்லை. இருவரும் பல தலைமுறைகளாகத் தங்களுக்குள்ளேயே மணம் முடித்துவந்த ஒரு சிறிய சமூகத்தினர். அவ்வளவு சிறிய கூட்டத்தில் எந்த மரபணு பெருகும், எது மறையும் என்பதைப் பெரும்பாலும் தற்செயலே முடிவு செய்கிறது. இதைத்தான் மரபியல் நகர்வு என்கிறோம்.

நம்முடைய பெரும்பாலான மரபணுக்கள் இரண்டிரண்டு பிரதிகளாக இருக்கின்றன. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று எனப் பிள்ளைக்குப் போகும். அந்தத் தம்பதியின் குழந்தைக்கு வந்ததுபோன்ற நோய், இரண்டு பிரதியும் பழுதானால்தான் வரும். இருக்கும் இரண்டில் எது போகும் என்பது குலுக்கல் மாதிரி. லட்சக்கணக்கானோர் உள்ள கூட்டத்தில் இந்த ஏற்ற இறக்கம் தானாகச் சரிக்கட்டிவிடும். இருபது பேர்தான் என்றால், ஒருவருக்கு ஆறு பிள்ளை, இன்னொருவருக்குப் பிள்ளையே இல்லை என்பதே கணக்கைப் புரட்டிப்போடப் போதும்.

1956இல் பீட்டர் பூரி வெளியிட்ட பழ ஈ ஆய்வு இதைக் கண்முன்னே காட்டுகிறது. 107 ஈக்கூட்டங்கள், ஒவ்வொன்றிலும் 8 ஆண், 8 பெண். கண் நிறத்துக்கான ஒரு மரபணுவின் இரண்டு வடிவங்களும் தொடக்கத்தில் சரிபாதி. ஒவ்வொரு தலைமுறையிலும் கண்ணை மூடிக்கொண்டு 16 ஈக்களை எடுத்து அடுத்த தலைமுறைக்கு விட்டார். 19 தலைமுறை கழிந்தபோது 30 கூட்டங்களில் ஒரு வடிவம் அடியோடு காணாமல் போயிருந்தது. 28 கூட்டங்களில் அதே வடிவம் மட்டுமே மிஞ்சியிருந்தது!

மனிதர்களிலும் இது நடந்திருக்கிறது. மைக்ரோனேசியாவின் பிங்கெலாப் தீவை 1775 வாக்கில் ஒரு பெரும்புயல் அடித்தது. பிழைத்தவர்கள் ஏறக்குறைய 20 பேர். அவர்களில் ஒருவரிடம் இருந்த பழுதான மரபணு, சந்ததி பெருகியபோது கூடவே பெருகியது. நிறமே தெரியாத, பகல் வெளிச்சத்தில் கண் கூசும் முழு நிறக்குருடு மற்ற இடங்களில் சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வரும். அந்தத் தீவினரிடையே அது நூற்றுக்கு ஐந்துக்கும் மேல்.

"இவ்வளவு பேருக்கு இருக்கிறதென்றால் அதில் ஏதோ நன்மை இருக்கணும்" என்று படித்தவர்களும் சொல்வதுண்டு. சில நேரம் உண்மைதான். அரிவாள் செல் என்ற ரத்த நோய்க்கான மரபணுவின் ஒரு பிரதி மலேரியாவிலிருந்து காக்கிறது, அதனால் இயற்கைத் தேர்வு அதைத் தக்கவைத்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு காரணம் தேடுவது சரியில்லை. மரபணுவில் நேரும் திடீர்மாற்றம் புதிய வடிவங்களைக் கொண்டுவரும். அதில் எது நிலைக்கும் என்பதில் அதிர்ஷ்டத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

சரி, இதற்கு மாற்று என்ன? மரபணு ஓட்டம், அதாவது வெளியிலிருந்து புது மரபணுக்கள் வந்து கலப்பது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வாழும் பூமாக்கள் (பெரிய காட்டுப் பூனை இனம்) இருபது முப்பதாகக் குறைந்து, வால் வளைந்தும் இதயக் குறைகளோடும் பிறந்துகொண்டிருந்தன. 1995இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு எண்ணிக்கை மும்மடங்கானது, குறைகளும் குறைந்தன.

மனிதர்களிடம் யாரை மணக்கலாம் என்று சொல்வது என் வேலை இல்லை. ஆனால் உங்கள் வட்டாரத்தில் தொடர்பில்லாத குடும்பங்களில் ஒரே அரிய நோய் தலைகாட்டினால், குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே இருவரும் கேரியர் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இருவருமே கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய்க்கான வாய்ப்பு 25 சதவீதம். ஒருவர் மட்டும் என்றால் பொதுவாகப் பயமில்லை.

அந்தத் தாயின் தங்கைக்கு இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அவரும் கேரியராக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. படத்தில் அவருக்கான வட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்; ரத்த மாதிரி கொடுக்க அக்காவே அவரை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.