வார்சிட்டி: பல்கலைக்கழக அணியா, முதன்மை அணியா?

'வார்சிட்டி' என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பல்கலைக்கழகம்தான். நம் ஊர் ஆங்கில நாளிதழ்கள் தலைப்பில் இடம் போதாதபோது பல்கலைக்கழகத்தை அப்படித்தான் சுருக்குகின்றன, தமிழ் நாளிதழ்கள் 'பல்கலை.' என்று புள்ளி வைப்பதுபோல. அதே நினைப்பில் அமெரிக்கச் செய்தியை மொழிபெயர்த்தால் பொருள் தவறிவிடும்.

'யுனிவர்சிட்டி'யின் முன்பகுதி உதிர்ந்து இங்கிலாந்துப் பேச்சுவழக்கில் பிறந்த சொல் இது. 'வெர்' ஏன் 'வார்' ஆனது? எழுத்தில் 'கிளெர்க்', வாயில் 'கிளார்க்' ஆகிறதல்லவா, அதே பழைய ஒலிப்பு. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் 1872 முதல் மோதும் ரக்பி ஆட்டத்துக்கு இன்றும் வார்சிட்டி போட்டி என்றே பெயர்.

அமெரிக்காவில் பொருள் நகர்ந்துவிட்டது. ஒரு கல்வி நிறுவனத்தின் சார்பில் அதிகாரபூர்வமாகக் களமிறங்கும் முதல் நிலை அணிதான் அங்கே வார்சிட்டி. அடுத்த நிலை ஜூனியர் வார்சிட்டி. உயர்நிலைப் பள்ளிகளிலும் இவை உண்டு. பள்ளி அணியைப் 'பல்கலைக்கழக அணி' என்று எழுத முடியுமா? தவிர, மாணவர்களே நடத்தும் கிளப் அணிகளும் பல்கலைக்கழகப் பெயரில்தான் ஆடுகின்றன. ஆகவே 'முதன்மை அணி' என்பதே சரியான தமிழ்.

இந்த வேறுபாடு மாணவர் சேர்க்கையில் பெரிதாகத் தெரியும். ஹார்வர்டில் முதன்மை அணிகள் 42. ஹார்வர்ட் உள்ளிட்ட எட்டுப் பழம்பெரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் குழுவான ஐவி லீக்கில் விளையாட்டுக்கென உதவித்தொகை தருவதில்லை. இடம் கிடைப்பதுதான் பரிசு. பயிற்சியாளர் தனக்கு வேண்டிய வீரர்களை முன்கூட்டியே தேடிப் பிடித்துப் பரிந்துரைப்பார். முடிவு சேர்க்கைக் குழுவுடையது. ஹார்வர்டின் சேர்க்கை முறையை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் வெளிவந்த தரவுகளின்படி, இப்படிப் பரிந்துரைக்கப்பட்டவர்களில் சுமார் 86 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேர்கூடத் தேறுவது கடினம். பயிற்சியாளரின் சொல்லுக்கு இத்தனை எடை இருந்ததால்தான் 2019-இல் அம்பலமான மோசடியும் நடந்தது. வில்லியம் சிங்கர் என்ற இடைத்தரகர் சில பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்களுக்குப் பணம் கொடுத்து, துடுப்பே பிடிக்காத பிள்ளைகளையும் படகோட்ட வீரர்களாகக் காட்டினார். உழைத்து ஆடிய பிள்ளைகளின் இடம் அப்படிப் பறிபோனதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. நேர்வழியில் போனவர்களும் உண்டு: நம் ஸ்குவாஷ் வீரர் வேலவன் செந்தில்குமார் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக முதன்மை அணியில் ஆடியவர்.

இந்தச் சேர்க்கை முறையை 'விளையாட்டு ஒதுக்கீடு' என்று எழுதுவது பொருந்தாது. ஒதுக்கீடு என்றால் அறிவிக்கப்பட்ட இடங்கள், வெளிப்படையான விதி, சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் இருக்கும். 'ஆட்சேர்ப்பு' என்றாலோ காவல்துறை வாடை அடிக்கிறது. 'வீரர் சேர்ப்பு' என்று நான் எழுதுகிறேன். பொதுவழியில் இடம் பெற்று, பிறகு தகுதித் தேர்வில் அணிக்குள் நுழைபவரை அங்கே 'வாக்-ஆன்' என்பார்கள். 'தானே வந்து சேர்ந்த வீரர்' என்றால் போதும்.