தெருவின் ஆபத்து மன்றத்தின் அஜெண்டாவில் ஏறுவது எப்படி?

தெருவிளக்கு எரியவில்லை என்றால் சென்னையில் மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு போன் செய்கிறோம். புகார் எண் தருகிறார்கள். ஓரிரு நாளில் ஆள் வந்து பல்பை மாற்றிவிட்டுப் போகிறார். பழுதைச் சரிசெய்ய அந்த ஏற்பாடு போதும். ஆனால் அந்தத் தெருவில் கம்பங்களே போதவில்லை, வடிகால் மூடிப்பலகைகள் வரிசையாக உடைந்து கிடக்கின்றன, பள்ளி வாசலில் வண்டிகள் வேகம் குறையாமல் பறக்கின்றன என்றால் எத்தனை முறை 1913-ஐ அழைத்தாலும் வேலை நடக்காது. அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். பணம் ஒதுக்கத் தீர்மானம் வேண்டும். தீர்மானம் வர வேண்டுமென்றால் உங்கள் தெருவின் சங்கடம் ஒரு பொருள் எண் பெற்று மாநகராட்சி மன்றக் கூட்டத்தின் அஜெண்டாவில் ஏற வேண்டும். அங்கே அதை ஏற்றிவைக்க வாக்காளருக்கு இன்று சட்டப்படியே ஒரு வழி இருக்கிறது: பகுதி சபை, அதாவது வார்டின் ஒரு பகுதியில் உள்ள வாக்காளர்கள் கூடும் கூட்டம். அந்த வழி இருப்பது பெரும்பாலானோருக்குத் தெரியவில்லை என்பதுதான் வருத்தம்.

1992-இல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்று சொன்னது. தமிழ்நாட்டில் அது தெருமட்டத்துக்கு இறங்கிவர ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. நடுவே 2016 முதல் 2022 வரை நகர்ப்புற உள்ளாட்சிகளில் கவுன்சிலர்களே இல்லை. தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் செய்தார்கள். 2022 பிப்ரவரி 19-இல் தேர்தல் நடந்தது. அதே ஆண்டு வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் வெளியாயின. நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் அன்றைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலினே கலந்துகொண்டார். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம் உள்ளிட்ட பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்தது.

சென்னையை எடுத்துக்கொண்டு படிகளைப் பார்ப்போம். மற்ற ஊர்களில் எண்ணிக்கை மாறும். நகராட்சி, பேரூராட்சிகளில் படிகளும் குறையும்.

மாநகராட்சியில் 200 வார்டுகள். ஒவ்வொரு வார்டும் 10 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பகுதியில் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அந்தப் பகுதி சபையின் உறுப்பினர்கள். யாரும் உங்களை அழைத்துச் சேர்க்க வேண்டியதில்லை. ஓட்டு இருந்தால் இடம் இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதி நியமிக்கப்படுகிறார். அந்தப் பிரதிநிதிகள் கவுன்சிலரின் தலைமையில் கூடுவது வார்டு குழு. அதற்கு மேலே பல வார்டுகள் சேர்ந்த மண்டலத்தின் மண்டலக் குழு, அதற்கும் மேலே துறைவாரியான நிலைக்குழுக்கள், உச்சியில் எல்லாக் கவுன்சிலர்களும் கூடும் மாமன்றம்.

பகுதி சபை ஆண்டுக்கு நான்கு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. இந்த நான்கு தேதிகளையும் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கிராமசபைக்குப் பழகிய நம் மக்களுக்கு நகரத்திலும் அப்படி ஒரு சபை இருப்பது இன்னும் மனதில் பதியவில்லை. உங்கள் பகுதியின் பிரதிநிதி யார், கூட்டம் எந்தச் சமுதாய நலக்கூடத்தில், எத்தனை மணிக்கு என்பதைக் கவுன்சிலர் அலுவலகத்திலோ வார்டு உதவிப் பொறியாளர் அலுவலகத்திலோ முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

சபையின் வேலைகளில் முக்கியமானவை, அந்தப் பகுதிக்கு எது முதலில் வேண்டும் என்று முன்னுரிமை சொல்வது, குடிநீரிலும் தெருவிளக்கிலும் உள்ள குறைகளைச் சுட்டிக்காட்டுவது, விளக்கும் பொதுக் கழிப்பிடமும் எங்கே அமைய வேண்டும் என்று யோசனை சொல்வது. பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குப் போலீஸ்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் இரவில் ஒரு பெண் ஒரு தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறாள் என்றால் அதற்கு முதல் காரணம் பெரும்பாலும் இருட்டுதான். அதைத் தீர்க்கும் அதிகாரம் முழுக்க உள்ளாட்சியின் கையில் இருக்கிறது.

இனி எழுத்து. கூட்டத்தில் எழுந்து ‘எங்கள் தெரு ஒரே இருட்டு அய்யா’ என்று சொன்னால், கவனிக்கிறோம் என்ற பதிலோடு அது முடிந்துவிடும். அதையே ஒரு தாளில் இப்படி எழுதிப் பாருங்கள்: ‘எங்கள் தெருவில் கம்பம் எண் 3-க்கும் 8-க்கும் இடையே மூன்று கம்பங்களில் விளக்கு இல்லை. டியூஷன் முடிந்து பிள்ளைகள் இரவு எட்டரைக்கு இந்த வழியாகத்தான் திரும்புகிறார்கள். இந்த இடைவெளியில் புதிய விளக்குகள் அமைக்க மதிப்பீடு தயாரித்து, மண்டலக் கூட்டத்தில் பொருளாக வைக்க வேண்டுகிறோம்.’ கீழே பத்து வீட்டுக்காரர்களின் கையெழுத்து, வாக்காளர் எண்ணோடு. இந்தத் தாளில் இடம் இருக்கிறது, அளவு இருக்கிறது, யாருக்கு ஆபத்து என்பது இருக்கிறது, அலுவலர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கிறது. பொறியாளர் இதை எளிதில் ஒதுக்கிவைத்துவிட முடியாது.

தாளைக் கொடுத்தால் மட்டும் போதாது. கூட்டத்தின் நடவடிக்கைப் பதிவேட்டில் அது ஏறியதா என்று பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். இதைக் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம்.

தாள் எழுதும் முன்பு ஒரு விஷயம் தெளிவாக வேண்டும்: அந்த ஆபத்து யாருடைய பொறுப்பில் இருக்கிறது? பல மனுக்கள் மாதக்கணக்கில் சுற்றுவது இங்கேதான். சாலை ஓரமாக நீளும் மழைநீர் வடிகாலும் அதன் கான்கிரீட் மூடிப்பலகைகளும் மாநகராட்சியுடையவை. கழிவுநீர் மேன்ஹோல் சென்னைக் குடிநீர் வாரியத்துடையது. அதற்குப் புகார் எண் 1916. தெருவிளக்கு மாநகராட்சியின் பொறுப்பு. ஆனால் கதவு திறந்து கிடக்கும் பில்லர் பாக்ஸும் (தெருவோர மின்பகிர்வுப் பெட்டி), தாழ்ந்து தொங்கும் மின்கம்பியும் மின்வாரியத்துக்குப் போக வேண்டியவை. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மழைக்காலத்தில் இந்த மின் ஆபத்துகளில் ஒரு நாள் தாமதமும் உயிருக்கு ஆபத்து. அதைச் சபைத் தேதிக்காக வைத்திருக்காமல் அன்றே போன் செய்யுங்கள்.

சாலையிலும் இதே பிரிவு உண்டு. உட்புறத் தெருக்களை மண்டல அலுவலகம் கவனிக்கிறது. பஸ் ஓடும் சாலைகளுக்கு மாநகராட்சியிலேயே தனித் துறை இருக்கிறது. பெரிய சாலைகள் பல நெடுஞ்சாலைத் துறையின் கீழ் வருகின்றன. பள்ளி வாசலில் வேகத்தடை கேட்டால், சாலை மாநகராட்சியுடையதாக இருந்தாலும் போக்குவரத்துக் காவல்துறையின் கருத்தையும் கேட்பார்கள். ஆகவே கவுன்சிலருக்கும் போக்குவரத்து ஆய்வாளருக்கும் ஒரே நாளில் மனு கொடுத்துவிட்டால் ஒரு சுற்று மிச்சம். வாரியத்துக்கோ மற்றத் துறைக்கோ போக வேண்டியதைப் பகுதி சபையில் சொல்லக்கூடாது என்று இல்லை. சொல்லலாம், சபையும் அந்தத் துறைக்குப் பரிந்துரை அனுப்பலாம். ஆனால் அதற்கான பணமும் உத்தரவும் மாமன்றத்திலிருந்து வராது.

மனு உங்கள் கையை விட்டுப் போன பிறகு அது நடக்கும் பாதை இது. உதவிப் பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு தயாரிக்கிறார். தொகை சிறியது என்றால் கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதியிலிருந்தே செய்ய முடியும். முதலில் அதையே கேட்டுப்பாருங்கள், வேகமான வழி அது. பெரிய தொகை என்றால் அலுவலகக் குறிப்பு மண்டல அலுவலருக்கு ஏறி, மண்டலக் குழுவின் கூட்டப்பொருளாகிறது. அதற்கும் மேற்பட்டவை நிலைக்குழு வழியாகவோ ஆணையரின் குறிப்பு வழியாகவோ மாமன்றத்துக்கு வருகின்றன. பணிகள், பொது சுகாதாரம், நகரமைப்பு, கல்வி, கணக்கு, வரிவிதிப்பும் நிதியும் எனச் சென்னையில் நிலைக்குழுக்கள் இருக்கின்றன. விளக்கும் வடிகாலும் பணிகள் குழுவின் வேலை. கொசு, நாய், குப்பை எல்லாம் பொது சுகாதாரம். இடிந்து விழும் நிலையில் உள்ள கட்டடம் நகரமைப்பின் பக்கம் சேரும்.

அஜெண்டாவைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் நடை தெரியும். ‘மண்டலம் இன்னது, வார்டு இன்னது, இன்ன தெருவில் பொதுமக்கள் பாதுகாப்பு கருதி விளக்குகள் அமைக்க உதவிப் பொறியாளரால் தயாரிக்கப்பட்ட மதிப்பீட்டுத் தொகைக்கு நிர்வாக அனுமதி வேண்டி மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும் வைக்கப்படுகிறது.’ ஒரே நீண்ட வாக்கியம். உங்கள் தெருவின் பெயர் அதில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பே இந்த அஜெண்டா கவுன்சிலர் கைக்கு வந்துவிடும். அந்த நாட்களில் போய்க் கேளுங்கள். கூட்டத்தில் பல பொருள்கள் விவாதமே இல்லாமல் மொத்தமாக நிறைவேறிவிடுகின்றன. கவுன்சிலர் எழுந்து பேச வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்தால் எதைப் பேச வேண்டும் என்பதை முன்கூட்டியே அவரிடம் கொடுத்தாக வேண்டும். கேள்வி நேரமும் நேரமில்லா நேரமும் சென்னை மாமன்றத்தில் உண்டு. அஜெண்டாவில் இல்லாத அவசர ஆபத்தை மாமன்றத்தின் காதில் போட அதுவே வழி.

கூட்டம் வரும்வரை காத்திருக்க முடியாத வேலைகளும் உண்டு. மழையில் வடிகால் சுவர் சரிந்துவிட்டது என்றால் மாதக் கூட்டத்தை எதிர்பார்த்து யாரும் குழியைத் திறந்து வைத்திருக்கக் கூடாது. வேலையை முதலில் முடித்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் பின்னேற்பு அனுமதி பெறும் நடைமுறை உள்ளாட்சிகளில் நெடுநாளாக இருக்கிறது. ‘கூட்டத்தில் வைத்துத்தான் செய்ய முடியும்’ என்று அலுவலர் சொன்னால் பின்னேற்பைப் பற்றி மரியாதையாக நினைவூட்டுங்கள்.

மன்றத்தால் முடியாதவையும் உண்டு. காவல்துறை மாநில அரசின் கீழ் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாவது அட்டவணை உள்ளாட்சிக்குரியதாகச் சொல்லும் 18 பொருள்களில் தெருவிளக்கு இருக்கிறது, பொது சுகாதாரம் இருக்கிறது, தீயணைப்புகூட இருக்கிறது, காவல் இல்லை. அந்தத் தீயணைப்பும் தமிழ்நாட்டில் மாநிலத் துறையாகவே இயங்குகிறது. ஆகவே ரோந்து போதவில்லை என்று பகுதி சபை தீர்மானித்தால் அது காவல் நிலையத்துக்குக் கோரிக்கையாகப் போகுமே தவிர உத்தரவாகப் போகாது. ஆனாலும் அந்தக் கோரிக்கையோடு, இருண்ட இடங்களில் விளக்கு, மறைவிடமாகிப் போன காலி மனைக்கு உரிமையாளர் பெயரில் நோட்டீஸ், பாதையை மறைக்கும் கிளைகளை வெட்டுவது என உள்ளாட்சி தானே செய்யக்கூடியவற்றையும் சேர்த்தால் பாதி வேலை அங்கேயே நடக்கும்.

தெருநாய்ப் பிரச்சினையில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ‘எல்லா நாய்களையும் பிடித்துக்கொண்டு போக வேண்டும்’ என்று சபையில் கோபமாகத் தீர்மானம் போடுவதைக் கேட்கலாம். கடிபட்ட குழந்தையின் பெற்றோருக்கு அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டு விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிடித்த நாய்க்குக் கருத்தடையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டு அதே இடத்தில் திரும்ப விட வேண்டும். பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களுக்கு 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தனி உத்தரவு போட்டது. அங்கே பிடித்த நாய்களை அதே இடத்தில் விடக்கூடாது. உங்கள் தாளில் இந்த வேறுபாடு தெரிய வேண்டும். தெரு என்றால், இத்தனை நாய்கள் இருக்கின்றன என்று எழுதி, கருத்தடை ஆகாதவை எத்தனை, தடுப்பூசி முகாம் எப்போது என்று கேளுங்கள். பள்ளி வளாகம் என்றால் அந்த உத்தரவைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். சட்டத்துக்குப் புறம்பான தீர்மானத்தை மாநில அரசு ரத்து செய்ய முடியும். அப்படி ஒன்றை நிறைவேற்றி ஆறு மாதம் இழப்பதில் குழந்தைக்கு என்ன பயன்?

தீர்மானம் நிறைவேறிய பிறகும் வேலை தொடங்காமல் கிடப்பது நடக்கிறது. ஒப்பந்தப்புள்ளிக்கு யாரும் வரவில்லை, நிதி அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டது என்று காரணங்கள் வரும். அப்போது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தில் ஏன் செய்யவில்லை என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நழுவ இடம் உண்டு. ஆவணங்களைக் கேளுங்கள்: இன்ன தேதியில் நடந்த பகுதி சபையின் நடவடிக்கைக் குறிப்பின் நகல், எங்கள் மனு மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்பின் நகல், தீர்மான எண்ணும் மதிப்பீட்டின் நகலும், பணி ஆணை வழங்கப்பட்டிருந்தால் அதன் நகல். பகுதி சபையே நடக்கவில்லை என்றால், நான்கு தேதிகளையும் குறிப்பிட்டு ஒவ்வொன்றுக்குமான நடவடிக்கைக் குறிப்பையும் வருகைப் பதிவேட்டையும் கேளுங்கள். முறைகேடு இருப்பதாகப் பட்டால் உள்ளாட்சிகளுக்கான முறைமன்ற நடுவத்தில் (ஆம்புட்ஸ்மன்) புகார் செய்யலாம். அதற்கான சட்டம் 2014-இலேயே வந்துவிட்டது. அங்கே போகும்போதும் கையெழுத்து வாங்கி வைத்த அந்த நகல்தான் உங்கள் முதல் ஆவணம்.