எந்த பில்லை முதலில் கட்டுவது?

வீட்டு பில்களைத் தேதி தவறிக் கட்டுகிறவர்களுக்குக் கையில் காசு இருந்திருக்காது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். வங்கிக் கிளையில் கடன் பிரிவில் இருந்தபோதும் சரி, இப்போது மாவட்ட முன்னோடி வங்கியின் நிதிசார் கல்வி மையத்தில் ஆலோசகராக உட்கார்ந்திருக்கும்போதும் சரி, நான் பார்ப்பது வேறு மாதிரி. தவணை நாளன்று பணம் இருந்திருக்கிறது. ஆனால் வேறு கணக்கில். அல்லது தேதி மறந்துபோயிருக்கிறது. அல்லது வழக்கமாகக் கட்டுகிறவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார், மற்றவர்களுக்கு எதுவும் தெரியவில்லை.

இன்னொன்றையும் அடிக்கடி பார்க்கிறேன். பெரிய தொகையை முதலில் கட்டிவிடுகிறோம். சின்னத் தொகை என்றால் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவிடுகிறோம். இந்த வரிசையே தப்பு. ஒரு பில்லைக் கட்டாவிட்டால் கையைவிட்டு என்ன போகும், போனது திரும்பக் கிடைக்குமா என்பதைப் பார்த்துத்தான் அதை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்று முடிவு செய்ய வேண்டும்.

இ.பி. பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் பயம் அதில்தான். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம். தவறினால் ஃப்யூஸைப் பிடுங்குவார்கள். தாமதக் கட்டணம், மறு இணைப்புக் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கட்டினால் கரண்ட் திரும்ப வந்துவிடும். சங்கடம்தான், ஆனால் அதோடு முடிந்தது.

இப்போது 436 ரூபாய் கதைக்கு வருகிறேன். பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டில் ஆண்டு பிரீமியம் 436 ரூபாய். திட்டத்தில் சேர்ந்திருப்பவர் எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். பாதுகாப்புக் காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே மாதக் கடைசியில் வங்கி தானாகவே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். 2022 வரை இது 330 ரூபாயாக இருந்தது. அந்த ஆண்டு ஜூன் முதல் 436 ஆக்கினார்கள்.

பெயிண்டிங் வேலை செய்துவந்த ஒருவரின் மனைவி, கணவர் மாரடைப்பில் இறந்தபிறகு அவருடைய பாஸ்புக்கோடு வந்தார். வருஷா வருஷம் மே மாதக் கடைசியில் 330 ரூபாய் பிடித்த பதிவு இருந்தது. 2022இல் மட்டும் அந்தப் பதிவு இல்லை. அன்றைய இருப்பு 400 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. வழக்கமாகப் பிடிக்கும் தொகைக்கு மேலேயே அந்த மனிதர் கணக்கில் விட்டுவைத்திருக்கிறார். பிரீமியம் ஏறியது அவருக்குத் தெரியாது. வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய நம்பருக்குப் போயிருக்கிறது. அதே வாரம் மனைவியின் கணக்கில் சீட்டுப் பணம் சில ஆயிரம் இருந்தது. அந்த மழைக்காலத்தில் அவர் இறந்தார். அந்தம்மா பாஸ்புக்கைத் திரும்பத் திரும்பப் புரட்டி, "முந்தின வருஷம் வரைக்கும் பிடிச்சிருக்காங்களே சார்" என்று கேட்டார். சட்டப்படி அவர்களுக்கு வாங்கித்தர என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

ஆகவே மே 20 வாக்கில், இந்தத் திட்டத்தில் இருக்கிறவர்கள் கணக்கில் 500 ரூபாயாவது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிரதமர் சுரக்ஷா விபத்துக் காப்பீட்டிலும் சேர்ந்திருந்தால் அதற்கான 20 ரூபாயும் அதே சமயத்தில்தான் போகும். ஜூன் முதல் வாரம் பாஸ்புக்கை அச்சடித்து இரண்டு பதிவும் விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். விழவில்லை என்றால் உடனே கிளைக்குப் போய் மறுபடி சேரலாம். ஆனால் அப்படிச் சேரும்போது முதல் 30 நாளில் விபத்து தவிர வேறு காரணத்தால் மரணம் நேர்ந்தால் பணம் கிடைக்காது.

மற்ற ஆயுள் காப்பீட்டு பாலிசிகளுக்குக் கெடு தாண்டியும் கொஞ்சம் அவகாசம் உண்டு. மாதாமாதம் கட்டுகிறவர்களுக்கு 15 நாள், காலாண்டு, அரையாண்டு, ஆண்டு என்று கட்டுகிறவர்களுக்கு 30 நாள். அந்த அவகாசத்துக்குள் மரணம் நேர்ந்தால் பாக்கி பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். அதைத் தாண்டினால் பாலிசி லாப்ஸ். புதுப்பிக்க முடியும்தான், ஆனால் பாக்கி, வட்டி, தேவைப்பட்டால் மருத்துவப் பரிசோதனை எல்லாம் வேண்டும். இடையில் சர்க்கரையோ இதய நோயோ வந்திருந்தால் முன்பு இருந்த நிபந்தனையில் திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

மருத்துவக் காப்பீடு இதைவிடக் கறாரானது. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் பாலிசியில், 30 நாள் அவகாசத்துக்குள் கட்டினால் இத்தனை வருடம் சேர்த்துவைத்த காத்திருப்புக் காலம் வீணாகாது. அதாவது ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான மூன்று வருடக் காத்திருப்பை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆனால் பாலிசி முடிந்த நாளுக்கும் நீங்கள் பணம் கட்டிய நாளுக்கும் இடையே ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அந்தச் செலவு உங்களுடையது. பலருக்கும் இது தெரிவதில்லை, "ஒரு மாசம் டைம் இருக்கே" என்று இருந்துவிடுகிறார்கள். புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் எந்த மின்னஞ்சலுக்கு, எந்த நம்பருக்கு வருகிறது என்று இன்றைக்கே பாருங்கள். வேலை மாறியபின் பழைய கம்பெனி மின்னஞ்சலுக்கே நோட்டீஸ் போய்க்கொண்டிருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

வண்டி இன்சூரன்ஸும் இந்த வகைதான். முடிந்து 90 நாள் தாண்டிவிட்டால் கிளைம் இல்லாமல் ஓட்டியதற்கான தள்ளுபடி, 50 சதவீதம் வரை ஏறியிருந்தாலும், மொத்தமாகப் போய்விடும்.

அடுத்தது கடன் தவணை. இங்கே ஒரு மாற்றத்தைப் பலர் இன்னும் கவனிக்கவில்லை. முன்பெல்லாம் தவணை நாள் ஞாயிறாக இருந்தால் திங்கள்கிழமை காலையில் பணம் போட்டுச் சமாளிக்கலாம். 2021 ஆகஸ்ட் 1 முதல், கணக்கிலிருந்து தானாகத் தவணை எடுக்கும் முறை ஞாயிறு, பண்டிகை நாள் உட்பட எல்லா நாளும் நடக்கிறது. ஐந்தாம் தேதி தவணை என்றால் நான்காம் தேதி மாலையே பணம் கணக்கில் இருக்க வேண்டும். ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்கு மேல் போடுவதில் பயனில்லாமல் போகலாம். பணம் இல்லாமல் தவணை திரும்பிவிட்டால் உங்கள் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம் போடுவார். அந்தக் கட்டணத்தால் இருப்பு குறைந்து அடுத்த தவணையும் திரும்பிய கணக்குகள் உண்டு. இப்படித் திரும்புவது செக் பவுன்ஸுக்குச் சமமான குற்றம் என்று 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல், தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் பதிவாவது தனி. அந்த அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். கட்டி முடித்த கடன் பாக்கி என்று கிடக்கிறதா என்பதையும் அதில்தான் கண்டுபிடிக்க முடியும்.

கிரெடிட் கார்டில் "குறைந்தபட்சத் தொகை" என்று ஒன்று போட்டிருப்பார்கள். அதை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். மீதிக்குப் பல கார்டுகளில் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும். புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. முழுவதும் கட்ட முடியாத மாதம் ஒன்று வந்தால், கட்டி முடிக்கிறவரை அந்தக் கார்டைத் தேய்க்காமல் இருங்கள்.

சொத்து வரியைச் சீக்கிரம் கட்டினால் லாபம். நகர்ப்புற உள்ளாட்சிகளில் ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு, உச்சவரம்பு 5,000 ரூபாய். பாக்கி வைத்தால் மாதம் 1 சதவீத வட்டி.

பார்க்க அற்பமாகத் தெரியும் போன் ரீசார்ஜை நான் மேலே ஏற்றி வைப்பேன். 28 நாள் திட்டம் என்றால் வருடத்துக்கு 13 முறை, ஒவ்வொரு முறையும் தேதி நகர்ந்துகொண்டே போகும். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் போன்தான் இதில் விட்டுப்போகிறது. அந்த நம்பர்தான் வங்கியில் பதிவாகியிருக்கும். அது செத்துப்போனால் ஓ.டி.பி. வராது, பணம் போனாலும் தெரியாது. பெரியவர்களின் வங்கி நம்பருக்கு மட்டுமாவது நீண்டகாலத் திட்டம் போட்டுவிடுங்கள்.

சரி, இத்தனையையும் எப்படி நினைவில் வைப்பது? நினைவில் வைக்காதீர்கள் என்பதுதான் என் பதில். ஒரு முழுத்தாள் எடுங்கள். என்ன பில், யார் பெயரில், இணைப்பு எண் அல்லது பாலிசி எண், எந்தத் தேதி, எந்தக் கணக்கிலிருந்து போகிறது, எந்த போன் நம்பரில் பதிவு. இவ்வளவுதான் எழுத வேண்டும். பின் நம்பர், பாஸ்வேர்டு எதையும் அதில் எழுத வேண்டாம். பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வருகிறவற்றைச் சமையலறைக் காலண்டரில் கெடுவுக்குப் பத்து நாள் முன்னாலேயே சிவப்பில் வட்டமிடுங்கள். போனில் நினைவூட்டல் வைப்பது நல்லதுதான். ஆனால் அது ஒருவர் போனில் மட்டும் அடிக்கும். தாளை வீட்டில் எல்லோரும் பார்க்கலாம்.

அப்புறம், வருமானம் வருகிற கணக்கும் பில் போகிற கணக்கும் வேறாக இருக்கட்டும். சம்பளம் வந்த அன்றே அந்த மாதத்து பில்களுக்கான தொகையை இரண்டாவது கணக்குக்கு மாற்றிவிடுங்கள், அந்தக் கணக்கை கூகுள் பேயில் இணைக்காதீர்கள். ஆண்டு பிரீமியம் 24,000 என்றால் மாதம் 2,000 அங்கே சேரட்டும். சனிக்கிழமைக் கூலி வாங்குகிறவர்களுக்கு மாதக் கணக்கு ஒத்துவராது. சனிக்கிழமை சாயங்காலமே இருநூறோ முந்நூறோ அந்தக் கணக்கில் போட்டுவிடுவதுதான் சரிவரும். தவணைத் தேதி சம்பளத் தேதிக்கு முன்னால் விழுகிறதென்றால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கிரெடிட் கார்டு பில் தேதியை ஒருமுறையாவது மாற்றிக்கொள்ள வாடிக்கையாளருக்கு வழி கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது.

தன் வீட்டுக் கெடு தெரியாதவர்கள்தான் "இன்று இரவு 9.30க்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த நம்பரை அழையுங்கள்" என்ற போலிச் செய்திக்குப் பதறுகிறார்கள். அழைத்தால் ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள், அதோடு கணக்கு காலி. தாளைப் பார்த்து "இது ஏற்கெனவே கட்டியாச்சு" என்று சொல்ல முடிகிறவரை யாரும் இப்படி மிரட்ட முடியாது. மாட்டிக்கொண்டால் தாமதிக்காமல் 1930க்கு போன் செய்யுங்கள்.

உண்மையிலேயே பணம் போதாத மாதமும் வரும். அப்போது காப்பீட்டு பிரீமியங்களை முதலில் கட்டுங்கள். அடுத்து வீட்டுக் கடன். நகைக்கடனுக்கு வட்டியையாவது கட்டி, ஏலம் வரை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேபிளும் இணைய இணைப்பும் காத்திருக்கும். தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால் கெடுவுக்கு முன்னால் கிளைக்குப் போய்ப் பேசுங்கள். 90 நாள் பாக்கியானால் அது வாராக்கடன் ஆகிவிடும்; அதற்குப்பின் மேலாளர் நினைத்தாலும் அவர் கையில் அதிகம் இருக்காது. போனை எடுக்காமல் இருப்பவரைவிட நேரில் வந்து நிலைமையைச் சொல்பவருக்குத்தான் ஏதாவது செய்ய முடியும். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தாள் தயாரானதும் ஒரு மாதம் ஆளை மாற்றிப் பாருங்கள். இதுவரை கணவர் கட்டியிருந்தால் அந்த மாதம் மனைவி கட்டட்டும்; மனைவி கட்டியிருந்தால் கணவரோ, கல்லூரி படிக்கும் பிள்ளையோ. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காமல் தாளை மட்டும் கையில் கொடுங்கள். "இந்தப் பாலிசி நம்பர் எது?", "இது எந்தக் கணக்குல இருந்து போகுது?" என்று அவர் எங்கெங்கே வந்து கேட்கிறாரோ, அதெல்லாம் தாளில் விட்டுப்போனவை. அன்றைக்கே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.