கலைந்த எழுத்துகளிலிருந்து சொல்லைப் பிடிப்பது எப்படி?

பலகையில் எழுத்துகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் கையில் ஏழு எழுத்துகள் இருக்கின்றன. அவற்றை வைத்து என்னென்ன ஆங்கிலச் சொற்கள் அமைக்கலாம் என்று ஒரு செயலியிடம் கேட்டால், கண் இமைப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது. பல போட்டிகளில் பயன்படும் காலின்ஸ் சொற்பட்டியலில் 2,70,000-க்கும் மேற்பட்ட சொற்கள் உண்டு. அத்தனையையும் அது எப்போது புரட்டிப் பார்த்தது?

எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்ப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் வழி. ஏழும் வெவ்வேறு எழுத்துகள் என்றால், ஏழையும் வரிசைப்படுத்த 5,040 வழிகள். அவற்றில் சிலவற்றை மட்டும் எடுத்துச் சின்னச் சொல் அமைப்பதையும் சேர்த்தால் 13,699. கணினிக்கு இது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆனால் எழுத்துகள் பதினைந்து ஆனால், முழு வரிசைகள் மட்டுமே ஒரு லட்சம் கோடியைத் தாண்டிவிடும். அதிலும் பெரும்பாலானவை சொல்லே கிடையாது. இப்படிக் குருட்டுத்தனமாக அடுக்குவது வீண் உழைப்பு.

சொல் தேடும் நிரல்களின் சாமர்த்தியம், நாம் கேள்வி கேட்பதற்கு முன்பே வேலையைப் பாதி முடித்து வைப்பதில் இருக்கிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, அதன் எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கிக்கொள்கிறார்கள். லிசன் என்ற சொல்லின் எழுத்துகளை அப்படி அடுக்கினால் இ, ஐ, எல், என், எஸ், டீ என்று வரும். சைலன்ட் என்ற சொல்லையும் அடுக்கிப் பாருங்கள், அதே வரிசை. என்லிஸ்ட், டின்சல், இன்லெட்ஸ் ஆகியவையும் அப்படியே. அந்த வரிசைதான் சொல்லைச் சேமித்து வைக்கும் முகவரி. ஆக, இந்த ஐந்து சொற்களும் ஒரே முகவரியில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. நாம் எழுத்துகளை எப்படிக் கலைத்துக் கொடுத்தாலும், நிரல் அவற்றை அகரவரிசைப்படுத்தி, அந்த முகவரியை ஒரே ஒரு முறை போய்ப் பார்த்தால் போதும். எனக்குத் தெரிந்து கணினி அறிவியலின் மிக அழகான சின்ன யோசனைகளில் இது ஒன்று.

சரி, ஏழு எழுத்தில் நான்கை மட்டும் பயன்படுத்தும் சொல் வேண்டும் என்றால்? அகரவரிசையில் வைத்துவிட்டதால் முன்பின் வரிசை ஒரு பொருட்டே இல்லை. எந்தெந்த எழுத்தை எடுக்கிறோம் என்பது மட்டுமே கணக்கு. ஏழிலிருந்து ஒன்று முதல் ஏழு வரை எடுக்க 127 வழிகள்தான். 13,699 முயற்சிகள் 127 ஆகச் சுருங்கிவிட்டன.

‘இந்த எழுத்து இருக்க வேண்டும், அது இருக்கக் கூடாது’ என்ற கேள்விக்கு வேறு உத்தி. கியூ உண்டு, யூ கிடையாது என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் 26 பிட்டுகள், எழுத்துக்கு ஒன்று. எழுத்து இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. மொத்தமும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். கணினி இரண்டு எண்களை ஒப்பிடுவது மிக வேகமான வேலை என்பதால் முழுப் பட்டியலையும் சலித்துவிட முடிகிறது. இதன் பலவீனம், ஒரே எழுத்து இரண்டு முறை வருவது அதற்குத் தெரியாது. அதற்குத் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணிதப் பிரியர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பகா எண்ணைக் கொடுத்து, சொல்லில் உள்ள எழுத்துகளின் எண்களையெல்லாம் பெருக்கிவிடுவார்கள். எந்த எண்ணையும் பகா எண்களாகப் பிரிக்க ஒரே வழிதான் உண்டு என்பதால், ஒரே எழுத்துகள் கொண்ட சொற்களுக்கு மட்டுமே ஒரே பெருக்கல்தொகை வரும். இரண்டு முறை வரும் எழுத்தும் இதில் தப்பாது. நீளமான சொற்களில் எண் பூதாகரமாக வளர்ந்துவிடுவதுதான் சிக்கல்.

பலகையில் ஏற்கெனவே சொற்கள் இருக்கும்போது நிலைமை மாறுகிறது. அங்கே எழுத்து எந்த இடத்தில் வருகிறது என்பது முக்கியம். இதற்கு ‘ட்ரை’ என்ற மர அமைப்பு உதவுகிறது. 1960-இல் கணினி அறிஞர் எட்வர்ட் ஃபிரெட்கின் அந்தப் பெயரை வைத்தார். சி, ஏ, ஆர் என்று ஒரே பாதையில் போய், அங்கிருந்து இ, டீ, எஸ் என்று கிளை பிரிந்தால் கேர், கார்ட், கார்ஸ் என்ற மூன்று சொற்கள் கிடைக்கும். இதன் உண்மையான பலம் வெட்டிவிடுவதில் தெரியும். கியூவுக்கு அடுத்து எக்ஸ் வைத்துத் தொடங்கும் சொல்லே இல்லை என்றால், அந்தக் கிளையே மரத்தில் இருக்காது; அதற்குப் பின்னால் வரக்கூடிய ஆயிரக்கணக்கான வரிசைகளை நிரல் தொடவே வேண்டியதில்லை.

1988-இல் ஆண்ட்ரூ அப்பெல், கய் ஜேக்கப்சன் இருவரும் சொற்களின் கடைசிப் பகுதிகளையும் பகிர்ந்துகொள்ளும் சுருக்கமான அமைப்பை வைத்து ஸ்கிராபிள் ஆடும் நிரலை விவரித்தார்கள். ஐ, என், ஜி என்று முடியும் எத்தனையோ சொற்களுக்கு அந்த வால் ஒன்றே போதும். 1994-இல் ஸ்டீவன் கோர்டன் இன்னொரு படி போனார். புதுச் சொல் பலகையில் உள்ள எழுத்தை ஒட்டித்தான் அமைய வேண்டும், அந்த எழுத்து சொல்லின் நடுவிலும் வரலாம். அதனால் எந்த எழுத்திலிருந்தும் தொடங்கி இருபுறமும் வளரும்படி சொற்களைச் சேமித்தார். இடம் சுமார் ஐந்து மடங்கு பிடித்தது. வேகம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது.

மனித ஆட்டக்காரர்களும் இதே வழியில்தான் பயிற்சி எடுக்கிறார்கள். தீவிரமாகப் போட்டிகளில் ஆடுபவர்கள் சொற்களின் எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கிய வடிவத்தில் பார்த்து, அது எந்தச் சொல் என்று சொல்லிப் பழகுகிறார்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிளில் உலகப் பட்டம் வென்றார். 2024-இல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்தார்.

பழகத் தொடங்குபவர்கள் ஏழெழுத்துச் சொற்களில் கை வைக்க வேண்டாம். காலின்ஸ் பட்டியலில் இரண்டெழுத்துச் சொற்கள் 120-க்குச் சற்று மேல்தான். முதலில் அவற்றை மனப்பாடம் செய்துவிட்டால், ஒரு சொல்லுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சொல்லை இணையாக ஒட்டி வைக்க முடியும். ஒரே முறையில் இரண்டு மூன்று சொற்களுக்குப் புள்ளிகள் சேரும்.